தரவரிசை இல்லாத ஊரில் முதல் பாட்டு

1976-ல் முதலிடம் பிடித்த பாட்டு எது என்று பிரிட்டனில் கேட்டால் பதில் தயாராக இருக்கிறது: பிரதர்ஹுட் ஆஃப் மேன் குழுவின் ‘சேவ் யுவர் கிஸ்ஸஸ் ஃபார் மீ’. அமெரிக்காவில் கேட்டால் பில்போர்டு இதழின் ஆண்டுப் பட்டியல் பால் மெக்கார்ட்னியின் விங்ஸ் குழுவைக் கைகாட்டும். இந்திக்கு அமீன் சயானி இருந்தார். 1952 முதல் இலங்கை வானொலியில் அவர் நடத்திய பினாகா கீத்மாலாவில் அந்த ஆண்டின் முதலிடம் ‘கபி கபி’ படத்துக்காக முகேஷ் பாடிய பாட்டுக்குப் போனது. தமிழுக்கு அப்படி நம்பி எடுத்துப் பார்க்கிற ஏடு எதுவும் இல்லை. ஆனாலும் 1976 என்று சொல்லி முடிப்பதற்குள் ‘அன்னக்கிளி’ என்று பதில் வந்துவிடும். ஏடு இல்லாத இடத்தில் இவ்வளவு உறுதியான பதில் எப்படி வந்தது? அது 1976-லேயே எழுதப்பட்ட பதிலா, பிற்பாடு எழுதப்பட்டதா?

இதைச் சென்னையில் இருந்து பார்ப்பதைவிடத் தஞ்சாவூர்ப் பக்கம் இருந்து பார்ப்பது நல்லது என்பது என் எண்ணம். காரணம் இருக்கிறது. தமிழ் சினிமாப் பாட்டில் பாதிப் பேர் காவிரித் தண்ணீர் குடித்தவர்கள். மாயவரத்தில் பிறந்த தியாகராஜ பாகவதர், போலகத்தில் பிறந்து ஊர்ப்பெயரோடே நிலைத்துவிட்ட பாபநாசம் சிவன், பட்டுக்கோட்டை கல்யாணசுந்தரம், சீர்காழி கோவிந்தராஜன் என்று பட்டியல் நீளும். 1976-ல் ‘மன்மத லீலை’, ‘மூன்று முடிச்சு’ என்று இரண்டு படங்களைப் பேச வைத்த பாலசந்தர் நன்னிலத்துக்காரர். ‘அன்னக்கிளி’யோ இந்த மண்ணுக்குச் சம்பந்தமில்லாதது. இசையமைத்த இளையராஜா பண்ணைப்புரத்துக்காரர். கதை நடந்த இடம், படம் எடுத்த இடம் சத்தியமங்கலம் பக்கத்துத் தெங்குமரஹாடா. பாடிய எஸ். ஜானகி ஆந்திரத்தில் குண்டூர் மாவட்டத்தில் பிறந்தவர். ஆகவே நம்மூர்ப் பையன் என்ற பாசம் எதுவும் இல்லாமல் டெல்டா அந்தப் பாட்டுகளை ஏற்றுக்கொண்டிருக்கிறது. பட்சபாதம் இல்லாத சாட்சி.

தரவரிசை என்பது முதலில் கடைக்காரர் கணக்கு. பிரிட்டனில் 1952 நவம்பரில் ‘நியூ மியூசிகல் எக்ஸ்பிரஸ்’ இதழின் பெர்சி டிக்கின்ஸ் இருபது கடைகளைப் போல் தொலைபேசியில் கூப்பிட்டு எந்தத் தட்டு அதிகம் விற்றது என்று கேட்டார். அதுதான் அங்கே முதல் பட்டியல். அதே வேலையைத் திருவாரூரிலோ மன்னார்குடியிலோ ஒருவர் செய்திருந்தால் என்ன கிடைத்திருக்கும்? இசைத்தட்டும் ரெக்கார்ட் பிளேயரும் வைத்திருந்த வீடுகள் ஊருக்கு ஒன்றிரண்டு. நெல்லும் நிலமும் உள்ள மிராசுதார் வீடு, டாக்டர் வீடு, சிங்கப்பூர் மலேயா போய்வந்தவர் வீடு. மற்றபடி தட்டு வாங்கியவர் மைக் செட்காரர். அவர் வாங்கியது ஒரே ஒரு தட்டு. கேட்டது ஊர் முழுக்க. ஒரு தட்டு விற்றால் ஒருவர் கேட்டார் என்ற கணக்கு இங்கே ஆரம்பத்திலேயே உடைந்துவிடுகிறது.

அதனால் டெல்டாவின் பாட்டு வரலாற்றை எழுதப் போகிறவர் மைக் செட்காரரிடம் இருந்துதான் தொடங்க வேண்டும். மாட்டு வண்டியிலோ சைக்கிள் கேரியரிலோ பெட்டி வந்து இறங்கும். மூங்கில் கழியிலோ தென்னை மரத்திலோ இரண்டு கூம்புக் குழாய்களைக் கட்டுவார்கள். ஒன்று தெருவைப் பார்த்து, இன்னொன்று வயலைப் பார்த்து. பந்தலுக்குப் பின்னால் ஒரு பெஞ்சில் ஆம்ப்ளிபயரும் பிளேயரும் உட்காரும். முதல் தட்டு பெரும்பாலும் சீர்காழி கோவிந்தராஜன் பாடிய பிள்ளையார் பாட்டு. அதற்குப் பிறகு செட்காரர் ராஜ்யம். கல்யாண வீடு என்றால் ‘பாசமலர்’ படத்துத் தோழிப் பாட்டும் ‘சாரதா’ படத்து மருமகள் பாட்டும் விடிவதற்குள் ஒருமுறையாவது வந்தே தீரும். முன்னது 1961, பின்னது 1962. கறாராகப் பார்த்தால் 1976-ல் காவிரிப் படுகையில் அதிகம் ஒலித்த பாட்டு அந்த ஆண்டில் வந்த எதுவும் இல்லை, இந்த இரண்டில் ஒன்றாகத்தான் இருக்கும். சடங்கோடு ஒட்டிக்கொண்ட பாட்டுக்கு வயது கிடையாது. மேலை நாட்டில் கிறிஸ்துமஸ் பாட்டுகள் ஆண்டுதோறும் பட்டியலில் ஏறி இறங்குவதும் இதே கதைதான்.

தட்டின் வடிவமும் தன் பங்குக்கு வேலை செய்தது. அப்போது புழக்கத்தில் இருந்தது ஹெச்.எம்.வி.யின் 45 சுற்று இ.பி. ஏழங்குலத் தட்டு, பொதுவாகப் பக்கத்துக்கு இரண்டு பாட்டு. கூட்டத்தைக் கவனித்துக்கொண்டு, சாப்பாட்டுக்குக் கூப்பிடுகிறவர்களுக்கு மைக் கொடுத்துக்கொண்டு, இடையில் டீயும் குடிக்க வேண்டிய செட்காரர் ஒரு பாட்டு முடிந்ததும் முள்ளைத் தூக்கமாட்டார். பக்கம் முடியட்டும் என்று விட்டுவிடுவார். ஆகவே ஒரு பெரிய பாட்டோடு அதே பக்கத்தில் இருந்த சின்னப் பாட்டும் ஊருக்கு மனப்பாடம் ஆனது. ‘ஹிட்’ ஆன சில பாட்டுகள் தம் சொந்தக் காலில் நடந்து வரவில்லை, பக்கத்துப் பாட்டின் தோளில் ஏறி வந்தவை. பிற்காலத்தில் பாட்டைத் தனித்தனியாக எண்ணத் தொடங்கியபோது இவை பட்டியலில் இருந்து உதிர்ந்துபோனதில் ஆச்சரியம் இல்லை.

நில அமைப்பையும் மறக்கக் கூடாது. கல்லணைக்குக் கிழக்கே கடல் வரை மலை என்று சொல்ல ஒரு கரடு கிடையாது. இரவில் தரையை ஒட்டிய காற்று குளிர்ந்து மேல்காற்று சூடாக இருக்கும்போது ஒலி மேலே போகாமல் தரைப்பக்கம் வளையும். தண்ணீர் நிற்கிற வயல்வெளியில் அது இன்னும் வெகுதூரம் ஓடும். மார்கழி இரவில் மூன்று ஊர் தள்ளிப் போட்ட பாட்டு திண்ணையில் படுத்திருப்பவருக்குச் சொல் சொல்லாகக் கேட்டது இதனால்தான். ஒரு ஊரில் திருவிழா என்றால் பத்து ஊருக்கு ஒலிபரப்பு. எத்தனை பேர் கேட்டார்கள் என்பதை யாரும் எண்ணியிருக்க முடியாது.

வானொலி இன்னொரு பெரிய வாய்க்கால். திருச்சி நிலையம் 1939-லேயே வந்துவிட்டது. ஆனால் 1952-ல் ஒலிபரப்பு அமைச்சரான பி.வி. கேஸ்கர் சினிமாப் பாட்டை அண்டவிடாமல் துரத்தியதில், நேயர்கள் மொத்தமாக இலங்கை வானொலிப் பக்கம் சாய்ந்தார்கள். 1957-ல் விவித்பாரதி தொடங்கியது போனவர்களைத் திருப்பிக் கூப்பிடத்தான். டெல்டாவின் கிழக்கு ஓரத்தில் இருப்பவர்களைக் கூப்பிடுவது சுலபமாக இல்லை. கோடியக்கரையில் நின்றால் யாழ்ப்பாணம் தஞ்சாவூரைவிடப் பக்கம். ‘பொங்கும் பூம்புன’லோடு விடிந்து, கே.எஸ். ராஜாவின் மடமடக் குரலிலும் பி.ஹெச். அப்துல் ஹமீதின் அச்சுக் கோத்த தமிழிலும் நாள் நகர்ந்த வீடுகள் நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கம் ஏராளம்.

நேயர் விருப்பத்துக்கு வந்த தபால் அட்டைகளை வைத்துத் தரவரிசை போட்டிருக்கலாமே என்று தோன்றும். போட்டிருக்கலாம், ஆனால் அந்த அட்டையின் நோக்கம் வேறு. அப்பா, அம்மா, அக்கா, மாமா, பக்கத்து வீட்டுக் குழந்தை வரை பெயர் எழுதி, ஊர்ப்பெயரை அடிக்கோடிட்டு அனுப்பியது வானொலியில் தங்கள் பெயர் வருவதைக் கேட்கத்தான். சீக்கிரம் ஒலிபரப்பாகும் பாட்டு எதுவோ அதைக் கேட்பதுதான் சாமர்த்தியம். ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் பாட்டு மேலும் ஓட இது ஒரு காரணம். பிரபலத்தை அளக்க வந்த கருவியே பிரபலத்தை உற்பத்தி செய்தது. பினாகா கீத்மாலாவுக்கும் இந்த வியாதி உண்டு, பில்போர்டுக்கும் உண்டு.

அளக்கிறவர் கையில் அதிகாரமும் இருந்தால் என்ன ஆகும் என்பதற்கு அந்த ஆண்டே சாட்சி. நெருக்கடி நிலையில், காங்கிரஸ் நிகழ்ச்சிக்குப் பாட மறுத்த கிஷோர் குமாரின் பாட்டுகளை 1976 மே 4 முதல் ஆகாஷ்வாணியும் தூர்தர்ஷனும் நிறுத்தின. பத்து நாள் கழித்து, மே 14 அன்று, தமிழ்நாட்டில் ‘அன்னக்கிளி’ வெளியானது. இரண்டுக்கும் தொடர்பில்லை. ஆனால் 1976-ன் ‘மக்கள் விருப்பம்’ என்று எதையாவது எடுத்து வைக்கும்போது, மக்களுக்கு எது போடப்பட்டது என்ற கேள்வியைத் தாண்டிப் போக முடியாது. இங்கே ஜனவரி 31-ல் ஆட்சி கலைக்கப்பட்டிருந்தது. திருக்குவளைக்காரர் கருணாநிதியின் தி.மு.க. வேரோடிய டெல்டாவில், எம்.ஜி.ஆர். படப் பாட்டைப் போட்டதற்காகப் பந்தலில் சம்பந்திகள் முறைத்துக்கொண்ட காலம் அது.

இனி ‘அன்னக்கிளி’க்கு வருவோம். வழக்கமாகச் சொல்லப்படுவது இது: அதற்கு முன் தமிழ்நாடு முழுக்க ‘ஆராதனா’, ‘பாபி’ என்று இந்திப் பாட்டே ஒலித்தது, இளையராஜா வந்தார், இந்தி ஓடியது. இது கல்லூரி விடுதிகளின் நினைவு, பட்டணத்து நினைவு. டெல்டாவின் கீற்றுக் கொட்டகைக்கும் அறுவடைக் களத்துக்கும் இதை அப்படியே பொருத்த முடியாது. அங்கே நாட்டு வழக்கான மெட்டு ஒருபோதும் இல்லாமல் போகவில்லை. நடவில் பெண்கள் பாடிக்கொண்டிருந்தார்கள், சாவு வீட்டில் ஒப்பாரி இருந்தது, மருதகாசி எழுதிய ‘விவசாயி’ படப் பாட்டு 1967 முதல் ஓயாமல் சுற்றிக்கொண்டிருந்தது. ‘அன்னக்கிளி’ கொண்டுவந்தது வேறு: ஊரார் தாங்களே பாடிக்கொண்டிருந்த மாதிரியான மெட்டு, ஸ்டூடியோவின் வயலினும் புல்லாங்குழலும் அளந்து சேர்த்த அமைப்பில் குழாய் ஸ்பீக்கரில் திரும்பி வந்தது. தம் குரலையே ஒப்பனையோடு கேட்ட மாதிரி. தன்ராஜ் மாஸ்டரிடம் மேற்கத்திய இசை படித்து, ஜி.கே. வெங்கடேஷிடம் உதவியாளராக இருந்து, அதற்கும் முன்னால் அண்ணன் பாவலர் வரதராஜனோடு கம்யூனிஸ்ட் மேடைகளில் ஊர் ஊராகப் பாடிய ஒருவரால்தான் அந்த இரண்டையும் ஒட்டுப்போட்டது தெரியாமல் சேர்க்க முடிந்தது.

அந்தப் படத்தில் நெல் குத்தும் பாட்டு ஒன்று உண்டு: ‘சுத்தச் சம்பா’. ஜானகியும் பெண்கள் கூட்டமும் பாடுவது. நெல்லுக்கே பிறந்த ஊரில் அது எடுபட்டதில் என்ன அதிசயம் என்று கேட்கலாம். அதிசயம் காலத்தில் இருக்கிறது. 1960-ல் தீவிர வேளாண்மைத் திட்டத்துக்கு நாடு முழுதும் முதலில் தேர்ந்தெடுத்த ஏழு மாவட்டங்களில் தஞ்சாவூர் ஒன்று. அறுபதுகளின் நடுவில் ஆடுதுறை ஆராய்ச்சி நிலையத்தில் இருந்து ஏ.டி.டி. 27 வந்தது. திருச்சி வானொலி அதைப் பற்றி விடாமல் பேசி உழவர் காதில் ஏற்றியதில், ஜனங்கள் அதற்கு வைத்த பெயர் ‘ரேடியோ நெல்’. தொடர்ந்து ஐ.ஆர். ரகங்கள் வந்தன. நெடுநெடுவென்று வளர்ந்து சாய்கிற பழைய சம்பா ரகங்கள் வயலில் இருந்து ஒதுங்கத் தொடங்கின. உரலும் உலக்கையும் அதற்கும் முன்பே ரைஸ் மில்லிடம் தோற்றுவிட்டன. கூலிக்கு நெல் குத்திய பெண்களின் வேலை போனது, சடங்குக்கு மட்டும் மஞ்சள் பூசிய உலக்கை மூலையில் நின்றது. ஆக, எந்த வானொலி புது நெல்லைக் கொண்டுவந்ததோ அதே வானொலி பத்தாண்டு கழித்துப் பழைய நெல்லைக் குத்துகிற பாட்டைக் கொண்டுவந்தது. அந்தப் பாட்டைக் கேட்டுத் தலையாட்டியவர்களில் நடு வயதுப் பெண்களுக்கு அது கைப்பழக்கம், அவர்கள் பெண்களுக்கு வெறும் பாட்டு. இரண்டு தலைமுறைக்கும் வெவ்வேறு காரணத்துக்காகப் பிடித்த பாட்டுதான் ஊரில் தங்கும் என்று நினைக்கிறேன். அந்தக் கணக்கில் 1976-ன் பாட்டுகளில் ‘அன்னக்கிளி’க்குக் கிட்டே நிற்பது அதிகம் இல்லை.

டெல்டாவுக்கே உரிய இன்னொரு தேர்வுக் கூடம் நாயனம். நரசிங்கம்பேட்டையில் ஆச்சா மரத்தில் கடைந்த வாத்தியம், திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளை ஆண்ட வாத்தியம். சாமி புறப்பாட்டில் மல்லாரிக்கு முன்னால் சினிமா மூச்சு விடாது. நள்ளிரவு தாண்டி, ராக ஆலாபனை கேட்ட பெரியவர்கள் தூங்கப் போன பிறகு, கூட்டத்தில் இருந்து ஒரு குரல் படப்பாட்டு கேட்கும். வித்வான் முதலில் காதில் விழாத மாதிரி இருப்பார். இரண்டாம் முறை பத்து ரூபாய் நோட்டு சட்டையில் குத்தப்பட்டதும் சீவாளியை எச்சில் பண்ணிக்கொண்டு தொடங்குவார். எல்லாப் பாட்டும் அந்தக் குழலுக்குள் போகாது. பேச்சு நடையில் துள்ளுகிற பாட்டு, வாத்தியக் கூட்டத்தின் பலத்தில் நிற்கிற பாட்டு, சொல் சாமர்த்தியத்தில் வாழ்கிற பாட்டு, இவை வார்த்தையைக் கழற்றியதும் ஒன்றுமில்லாமல் போகும். ‘அன்னக்கிளி’யின் தலைப்புப் பாட்டு குரலின் ராகத்தோடு தொடங்குகிறது. நாயனக்காரருக்கு இதைவிடத் தோதான வாசல் கிடைக்காது. இந்தக் குழலும் சினிமாவும் சேர்ந்த முன்கதையில் ‘கொஞ்சும் சலங்கை’ (1962) இருக்கிறது. அங்கே காருகுறிச்சி அருணாசலத்தின் நாதஸ்வரத்துக்கு ஈடு கொடுத்தவரும் இதே ஜானகிதான். சிக்கலை நாயகன் பெயரிலேயே சுமந்த ‘தில்லானா மோகனாம்பா’ளும் (1968) அந்த வரிசையில் வரும்.

இதையெல்லாம் சொல்லிவிட்டு, அந்த ஆண்டு எம்.எஸ். விஸ்வநாதனின் ஆண்டும்தான் என்பதைச் சொல்லாவிட்டால் கணக்கு பொய்யாகும். எம்.ஜி.ஆரின் அவ்வாண்டுப் படங்கள் மூன்றுக்கும் இசை எம்.எஸ்.வி. பாலசந்தரின் இரண்டுக்கும் அவரே. ‘மன்மத லீலை’ என்ற தலைப்பே 1944-ல் ‘ஹரிதாஸ்’ படத்துக்காகப் பாபநாசம் சிவன் எழுதிய பாட்டின் தொடக்கம். ‘மூன்று முடிச்சு’வில் கண்ணதாசன் ஒரு பாட்டை அந்தாதியில் எழுதினார், ‘வசந்த கால நதிகளிலே’. ஜெயச்சந்திரனும் வாணி ஜெயராமும் பாட, எம்.எஸ்.வி.யே குரல் கொடுத்த பாட்டு. திருக்கடையூரில் அபிராமி அந்தாதி பாடிப் பழகிய நாட்டில் டீக்கடைப் பையனும் அதன் முடிச்சைப் பிடித்துக்கொண்டான். சொல் தெரிந்தவர்கள் அந்த ஆண்டின் பாட்டாக இதைச் சொன்னால் மறுக்க எனக்கு மனம் வராது. ஆனால் நாயனத் தேர்வில் இது கரையேறுவது சிரமம். அந்தாதியை ஊத முடியாது.

சினிமாவுக்கு வெளியே ஒரு பெரும் பரப்பு இருக்கிறது. எந்தத் தரவரிசையும் அதைக் கண்டுகொண்டதில்லை. நாகூர் ஹனிபாவின் பாட்டு கந்தூரிக்கு மட்டுமா ஒலித்தது? தி.மு.க. மேடை, அரசியல் ஊர்வலம், இந்து வீட்டுக் கல்யாணம் எங்கும் அந்தக் கம்பீரக் குரல் இருந்தது. ஆடி மாதம் வந்தால் எல்.ஆர். ஈஸ்வரியின் மாரியம்மன் பாட்டுகள் நாலு வாரத்துக்கு இடம் விடாது. வேளாங்கண்ணிக் கொடியேற்றத்துக்கு நடந்து போகிறவர்களுக்கு வழியெல்லாம் மாதா பாட்டு. ஆண்டுக்கு ஒரு பட்டியல் என்பதே இந்த நாட்டுக்கு ஒட்டாத கணக்கு. மாதத்துக்கு ஒன்று போட்டால் உண்மைக்குப் பக்கத்தில் வரலாம்.

அப்படியானால் ‘அன்னக்கிளி’ மட்டும் மிஞ்சியது எப்படி? என் முடிவு, அது இரண்டு தவணையில் முதலிடத்துக்கு வந்தது. முதல் தவணை 1976-ல், குழாய் ஸ்பீக்கரும் நாயனமும் கொடுத்தது. அது பலரில் ஒருவருக்கான இடம். இரண்டாவது தவணையைக் கொடுத்தது கேசட். எண்பதுகளில் கும்பகோணத்திலும் தஞ்சையிலும் ரெக்கார்டிங் சென்டர்கள் முளைத்தன. கூத்தாநல்லூர், முத்துப்பேட்டை, அதிராம்பட்டினம் பக்கம் வளைகுடாவில் இருந்தும் சிங்கப்பூரில் இருந்தும் டூ-இன்-ஒன் செட்டுகள் வந்து இறங்கின. நீங்கள் ஒரு வெற்றுக் கேசட்டும் கோடு போட்ட தாளில் எழுதிய பட்டியலும் கொடுத்தால், ஏ பக்கம் பி பக்கம் பிரித்துப் பதிந்து தருவார்கள். தொண்ணூறு நிமிடத்தில் சுமார் இருபது பாட்டு. தமிழன் தன் கையால் எழுதிய முதல் தரவரிசை அதுதான். எழுதியவர்கள் இளையராஜாவின் ‘நிழல்கள்’, ‘மௌன ராகம்’ என்று கேட்டு வளர்ந்தவர்கள். அவருடைய தொடக்கத்தைத் தேடிப் பின்னால் போனார்கள், போய்ச் சேர்ந்த இடம் ‘அன்னக்கிளி’. அதே 1976-ல் அவர் இசையமைத்த ‘பாலூட்டி வளர்த்த கிளி’, ‘உறவாடும் நெஞ்சம்’, ‘பத்ரகாளி’ படப் பாட்டுகளும் இந்தத் தேடலில் மேலேறின. விஸ்வநாதன் பாட்டுகளைத் தாளில் எழுதவேண்டியவர்கள் அப்போது பேரன் பேத்தி எடுத்துவிட்டார்கள், அவர்களுக்கு ரெக்கார்டிங் சென்டர் வாசல் தெரியாது. 1976-ன் பட்டியலை 1986-ன் இளைஞர்கள் எழுதினார்கள் என்று சுருக்கமாகச் சொல்லலாம். பிறகு வந்த சன் டிவியும் பண்பலையும் யூடியூபும் அந்தப் பட்டியலையே பிரதி எடுத்தன.

இந்த முடிவைச் சோதிக்க வழி உண்டா? ஓரளவு உண்டு. பழைய சவுண்ட் சர்வீஸ் குடும்பங்களில் தட்டுகள் இன்னும் பரணில் கிடக்கின்றன. பழைய தட்டு வாங்குகிறவர்கள் அட்டையைப் பார்க்கமாட்டார்கள், வெளிச்சத்தில் சாய்த்துப் பள்ளங்களைப் பார்ப்பார்கள். அதிகம் ஓடிய பக்கம் பளபளப்புப் போய்ச் சாம்பல் பூத்திருக்கும், ஓடாத பக்கம் கறுப்பாக மின்னும். 1976-ன் தட்டுகளை டெல்டா முழுக்கத் தேடிச் சேர்த்து, எந்தப் படத்தின் எந்தப் பக்கம் எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று குறித்தால், தபால் அட்டையைவிட நம்பகமான கணக்கு கிடைக்கும். தஞ்சையில் தமிழுக்கென்றே 1981-ல் தொடங்கிய பல்கலைக்கழகம் இருக்கிறது, நாட்டுப்புறவியல் துறையும் இருக்கிறது, செய்ய ஆள் இல்லை என்று சொல்ல முடியாது. ஒரே ஒரு சிக்கலை முன்கூட்டியே எழுதி வைத்துக்கொள்ள வேண்டும்: பக்கம் தேய்ந்தது ஊர் கேட்டதாலா, செட்காரருக்குப் பிடித்ததாலா, அந்த ஆண்டு முகூர்த்தம் அதிகம் விழுந்ததாலா என்பதைத் தட்டு சொல்லாது. அதற்குச் செட்காரரின் வாடகை நோட்டையும் கூடவே தேடியாக வேண்டும்.